எல்லோருக்கும் 'கரண்ட்' வைப்பதில்லை

காரைக்கால் மாவட்டத்தில் குரும்பகரம் பக்கம் யாருக்காவது புற்றுநோய் என்றால், பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "கரண்ட் வச்சாச்சா?" என்றுதான். கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். காரைக்காலில் 2016 முதல் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிளைக் கல்லூரி இருக்கிறது. அதன் மண்டலப் புற்றுநோய் மையமோ புதுச்சேரியில். அங்கே கீமோ ஊசிக்குப் போய்வரும் சினைப்பைப் புற்றுநோயாளியிடம், "எங்க சின்னம்மாவுக்கு ஊசியும் போட்டாங்க, கரண்டும் வச்சாங்க. உங்களுக்கு மட்டும் ஏங்க்கா வைக்கல?" என்று கேட்டுவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். நமக்குப் பாதி வைத்தியம்தான் நடக்கிறதோ என்ற பயத்தில் இவருக்குத் தூக்கம் போய்விடும்.

அந்தச் சின்னம்மாவுக்கு இருந்தது அநேகமாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய். சினைப்பை, கருப்பை வாய் இரண்டில் வருவதையும் 'கர்ப்பப்பையில கட்டி' என்றே சொல்வதால் வரும் வினை இது. கருப்பை வாயில் நோய் முற்றியிருந்தால் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர வேண்டும் என்று, ஐந்து ஆய்வுகளின் பலத்தில் 1999-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அறிவித்தது. நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970-களிலேயே வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரையும் பிளியோமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவர்கள். இது பலர் மறந்துவிட்ட பெருமை.

சினைப்பை விவகாரம் வேறு. அங்கே கட்டி ஓரிடத்தில் அடங்கிக் கிடப்பதில்லை. செல்கள் உதிர்ந்து, வயிற்று நீரோடு போய், குடல் மேலும் கல்லீரல் மேலும் உதரவிதானத்தின் அடியிலும் விதை தூவினாற்போல ஒட்டிக்கொள்கின்றன. அத்தனையையும் கதிரால் பிடிக்க வேண்டுமானால் முழு வயிற்றுக்கும் வைக்க வேண்டும். ஒரு காலத்தில் அப்படியும் வைத்தார்கள். ஆனால் புற்றைக் கொல்லும் அளவைக் குடலும் சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குவதில்லை. 1978-இல் சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பின்னால் கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும் வந்தன. இந்த மருந்துகள் வந்தபின் முழு வயிற்றுக் கதிர்வீச்சு வழக்கொழிந்தது.

இன்று அறுவை சிகிச்சையும், பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை கீமோவும்தான் முழு வைத்தியம். சிலருக்குப் பாதி ஊசிகளை முன்னால் போட்டுக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்வார்கள். நோய் ஓரிடத்தில் மட்டும் திரும்பினாலோ, வலி, ரத்தப்போக்கை அடக்கவோ, மூளைக்குப் பரவினாலோ கதிர்வீச்சு கைகொடுக்கும்.

இதே குழப்பம் பரிசோதனையிலும் வரும். பாப் சோதனை கருப்பை வாய்க்கு உரியது. அது சரியாக இருக்கிறது என்று சினைப்பையைப் பற்றி நிம்மதி அடைய முடியாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வாரக்கணக்கில் வயிறு உப்பி, நாலு வாய் சாப்பிட்டதுமே நிறைந்து, அடிக்கடி சிறுநீர் முட்டினால், வாயு என்று ஓமத் தண்ணீரோடு நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரைப் பார்த்து ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.