கிண்ணம் மாற்றும் கணக்கு: லிங்க் பரிமாற்றம் எப்படி இயங்குகிறது?

பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொடுத்தால் கிண்ணம் வெறுமனே திரும்பாது. கூட்டோ பாயசமோ அதில் வரும். "உங்கள் தளத்துக்கு நான் லிங்க் தருகிறேன், என் தளத்துக்கு நீங்கள் தாருங்கள்" என்று இரண்டு இணையதளக்காரர்கள் பேசிக்கொள்வதும் அதே கொடுக்கல் வாங்கல்தான்.

கிண்ணத்தில் எவ்வளவு விழும்? ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த செர்ஜி பிரினும் லாரி பேஜும் 1998இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதற்கொரு கணக்கு உண்டு. கூகுள் தேடலில் பக்கங்களை வரிசைப்படுத்தப் பயன்பட்ட அதற்குப் பேஜ்ராங்க் என்று பெயர். ஒவ்வொரு பக்கத்திடமும் மதிப்பு என்ற குழம்பு ஒரு சட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 85 சதவீதம், அங்கிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குச் சமமாகப் பங்காகும். ஐந்து கிண்ணம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. நூறு கிண்ணம் நீண்டால் ஆளுக்கொரு துளி. யாருமே தராத வீட்டுக்கும் 0.15 என்ற அடிப்படை அளவு உண்டு. அப்படி 0.15ஓடு கிடந்த இரண்டு பக்கங்கள் தங்களுக்குள் மட்டும் கிண்ணம் மாற்றிக்கொண்டே இருந்தால், அந்தச் சூத்திரப்படி இரண்டும் 1ஐ எட்டிவிடும். புதிதாக எதுவும் சமைக்கவில்லை. மதிப்பு மட்டும் ஏறிவிட்டது.

இந்த ஓட்டையை நம்பித்தான் பலர் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் லிங்க் கேட்டார்கள். கூகுள் தன் தேடலில் 2012 ஏப்ரலில் கொண்டுவந்த 'பென்குயின்' மாற்றம் இப்படிச் செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளைக் குறிவைத்தது. அளவுமீறிய பரிமாற்றம் இன்றும் கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு எதிரானது.

அதற்காகக் கேட்கவே கூடாது என்பதில்லை. வாசகருக்கு எது தேவையோ அதைக் கேளுங்கள். ஒருவர் வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றித் தளம் நடத்துகிறார். நீங்கள் செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளின் நீர்வரத்தை எழுதுகிறீர்கள் என்று கொள்வோம். "லிங்க் மாற்றிக்கொள்ளலாமா?" என்ற ஒற்றை வரிக் கடிதத்துக்கு அவர் ஏன் பதில் போட வேண்டும்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். நவம்பரில் பறவைகள் வரத் தொடங்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மழை பொய்த்த ஆண்டில் என்ன ஆகும் என்று வாசகர் அந்த இடத்தில் கேட்பார். ஏரியில் நீர் எப்போது, எவ்வளவு சேர்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் விளக்கியிருக்கிறோம். உங்கள் நத்தைக்குத்தி நாரைக் கட்டுரைக்கு நாங்கள் ஏற்கெனவே லிங்க் கொடுத்துவிட்டோம். பிடித்திருந்தால் எங்கள் பக்கத்தையும் சேருங்கள். இன்னொன்று, அதே கட்டுரையில் மூன்றாவது லிங்க் இப்போது திறக்கவில்லை."

அவர் பக்கத்தைப் படித்தீர்கள், இடத்தைக் காட்டினீர்கள், முதலில் நீங்கள் கொடுத்தீர்கள், அவருக்கு ஓர் உதவியும் செய்தீர்கள். இதற்குமேல் வற்புறுத்தல் வேண்டாம். மறுத்தாலும் நீங்கள் கொடுத்த லிங்க்கை எடுத்துவிடாதீர்கள். நாரைக் கட்டுரை உங்கள் வாசகருக்கு அப்போதும் பயன்படும். அவர் தரும் லிங்க்கில் மதிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' குறி இருந்தாலும் சரிதான். பறவை பார்க்கக் கிளம்புகிறவர் அந்த வழியாகவும் உங்கள் பக்கத்துக்கு வருவார்.