நல்லெண்ணெயும் ஒரு விதை எண்ணெய்தான்

அண்மைக் காலமாக எமது வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகைச் செய்திகள் மாறி மாறி வருகின்றன. விதை எண்ணெய்கள் எல்லாம் நஞ்சு, சூரியகாந்தி எண்ணெயை வீட்டுக்குள் விடாதீர்கள் என்கிறது ஒன்று. தேங்காயெண்ணெய் சர்வரோக நிவாரணி, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடியுங்கள் என்கிறது மற்றது. அனுப்புகிறவர்கள் எம்மில் அக்கறை உள்ள உறவினர்கள்தான். ஆனால் நாம் தலைமுறை தலைமுறையாகப் பாவித்துவரும் நல்லெண்ணெய் எள்ளு விதையைச் செக்கில் ஆட்டி எடுத்தது என்பதை முதலாவது செய்தி மறந்துவிடுகிறது. அது நஞ்சு என்று சொல்லும் லினோலெயிக் அமிலம் நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ 40 வீதம் உண்டு.

நாம் இரசாயனம் படித்தவர்கள் அல்லர். வணிகம் படித்து, வந்த நாட்டில் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். ஆயினும் எண்ணெய் என்பதும் ஒரு கணக்குத்தான். எந்த அமிலம் எத்தனை வீதம் என்று தெரிந்தால், அந்த எண்ணெய் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது?

விதை முளைத்து, இலை விட்டு, வெயிலில் தன் உணவைத் தானே தயாரிக்கும் வரை அதற்கு ஒரு சேமிப்பு வேண்டும். அந்தச் சேமிப்பே எண்ணெய். கிளிசரோல் என்ற சிறு மூலக்கூறில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் தொங்குவதாக அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். எல்லா விதை எண்ணெய்களுக்கும் இந்த அமைப்பு பொது. தொங்கும் சங்கிலிகள்தான் வேறுபடுகின்றன.

சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் அது நிரம்பிய கொழுப்பமிலம். அது நேராக இருக்கும். நேரான தடிகளை நெருக்கமாக அடுக்கலாம் அல்லவா? அதனால் அது எளிதில் உறையும். இரட்டைப் பிணைப்பு இருந்தால் சங்கிலி வளையும், அடுக்க முடியாது, எண்ணெய் திரவமாகவே இருக்கும். ஒரு பிணைப்பு உள்ளது ஒலெயிக், இரண்டு உள்ளது லினோலெயிக், மூன்று உள்ளது லினோலெனிக். பிணைப்புக் கூடக் கூட ஒட்சிசன் எளிதில் தாக்கும், எண்ணெய் விரைவில் பழுதாகும்.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. அதில் பாதியளவு லோரிக் அமிலம். அது உருகுவது சுமார் 24 பாகை செல்சியஸில். ஊரில் எப்போதும் திரவமாகவே கண்ட எண்ணெய் லண்டன் குளிரில் போத்தலுக்குள் கல்லாகி நிற்பதற்கு இதுதான் காரணம், கலப்படம் அல்ல.

நல்லெண்ணெயில் ஒலெயிக்கும் லினோலெயிக்கும் தலா 40 வீதமளவில் உள்ளன. நிரம்பியது 15 வீதம் வரை. அத்துடன் செசமின், செசமோலின் என்ற பொருட்களும் எள்ளில் உண்டு. வறுக்கும்போது செசமோலினிலிருந்து பிறக்கும் செசமோல் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும். நல்லெண்ணெய் விட்ட ஊறுகாய் நெடுநாள் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

சுப்பர்மார்க்கெட்டில் ‘வெஜிடபிள் ஒயில்’ என்று மலிவாக விற்பது பெரும்பாலும் ரேப்சீட் எண்ணெய். சித்திரை, வைகாசியில் கென்ற், எசெக்ஸ் பக்கம் போனால் மஞ்சள் விரித்தாற்போல் பூத்துக் கிடப்பது அந்தப் பயிர்தான். அது கடுகுக்கு நெருங்கிய உறவு. அதன் எண்ணெயில் ஒலெயிக் 60 வீதம், லினோலெயிக் 20, லினோலெனிக் 10, நிரம்பியது வெறும் 7 வீதமளவில்.

விளக்கிலிருந்து இயந்திரம் வரை

இலுப்பெண்ணெயில் நிரம்பிய அமிலங்கள் பாதிக்குக் கிட்ட. அதனால் அது தடித்தது, பாதி உறைந்தது. கோயில் விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் ஏற்றது. 1990 இன் பின் மின்சாரமும் இல்லாமல், பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் இருந்த யாழ்ப்பாணத்து இரவுகளில் தேங்காயெண்ணெயிலும் இலுப்பெண்ணெயிலும் திரி போட்டுப் படித்தவர்கள் எம்மில் உண்டு.

எண்ணெயைக் காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சங்கிலிகள் கிளிசரோலை விட்டுக் கழன்று சவர்க்காரமாகும். நன்றாக நுரைப்பது லோரிக். அதனால்தான் சவர்க்காரத் தொழிலுக்குத் தேங்காயெண்ணெய் தேவைப்பட்டது. எமது கிணற்றடிகளில் கிடந்த சன்லைட், 1884 இல் இங்கிலாந்தில் லீவர் சகோதரர் தொடங்கியது. தாவர எண்ணெய்களைப் பெருமளவில் சேர்த்தே அது செய்யப்பட்டது.

ஆமணக்கெண்ணெயின் கணக்கு முற்றிலும் வேறு. அதில் ஏறத்தாழ 90 வீதம் ரிசினோலெயிக் என்ற ஒரே அமிலம். அதன் சங்கிலியில் கூடுதலாக ஒட்டியிருக்கும் ஒட்சிசன்-ஐதரசன் கூட்டு எண்ணெயைப் பிசினாக்குகிறது, சூட்டிலும் வழுவழுப்பு எளிதில் போகாது. 1899 இல் லண்டன் சீப்சைட்டில் சார்ள்ஸ் வேக்ஃபீல்ட் தொடங்கிய நிறுவனம், பின்னர் இயந்திர எண்ணெயில் ஆமணக்கெண்ணெயைச் சேர்த்து ‘காஸ்ட்ரோல்’ என்று பெயரிட்டது. ‘காஸ்டர்’ என்றால் ஆமணக்கு. வயிறு கழுவ எமக்குப் பருக்கிய அதே எண்ணெய்தான்!

எதிர் முனையில் நிற்பது ஆளிவிதை எண்ணெய். அதில் லினோலெனிக் பாதிக்கு மேல். காற்றுப் பட்டாலே சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிப் படலமாகும். அதைக் கொண்டு ஃபிரெடெரிக் வால்டன் 1860களில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குத் தெற்கே உள்ள ஸ்டெயின்ஸில் லினோலியம் என்ற தரைவிரிப்பைத் தயாரித்தார். பல தடவை பொரித்த தாச்சியின் விளிம்பில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தேய்த்தும் போகாத பிசின் இருக்கிறதே, அதுவும் இதே வேலைதான். பழைய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

தமிழ்க் கடைகளில் கடுகெண்ணெய்ப் போத்தலில் ‘வெளிப் பாவனைக்கு மட்டும்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடுகெண்ணெயில் எருசிக் அமிலம் 40 வீதத்துக்கும் மேல் இருக்கலாம். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் அது இதயத் தசையைப் பாதித்ததால் உணவு எண்ணெயில் அதற்கு இங்கு உச்ச வரம்பு உண்டு. ரேப்சீட்டிலும் முன்பு அது அதிகம். 1970களில் கனடாவில் எருசிக் குறைந்த இனங்களை உருவாக்கிய பிறகே அது சமையலறைக்குப் பரவலாக வந்தது. தாளிக்கப் போடும் ஒரு கரண்டி கடுகுக்காக யாரும் அஞ்ச வேண்டாம். அங்கே எண்ணெய் மிகச் சொற்பம்.

மற்றது வேப்பெண்ணெய். பூச்சிகளை விரட்டும் அசாடிராக்டின் அதில் உண்டு, தோட்டத்துக்குப் பயன்படும். ஆனால் குழந்தைக்குப் பருக்கவே கூடாது. மலேசியாவில் சிறு நோய்களுக்கு வேப்பெண்ணெய் பருக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு ஏற்பட்டதை அங்குள்ள மருத்துவர்கள் 1981 இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஊரிலிருந்து அன்போடு ஒரு சிறு போத்தல் வந்தாலும், பேரப்பிள்ளையின் வாய்க்கு அது போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எமது இதயம், எமது கணக்கு

பிரித்தானியாவில் வாழும் தெற்காசியர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்து ஏனையோரைவிடக் கூட. இதய நோயால் ஆட்களை இழந்த குடும்பங்கள் எம்மிடையே குறைவல்ல. எனவே எண்ணெய்க் கதை வெறும் சுவைக் கதை அல்ல.

ஒரு நாளுக்கு நிரம்பிய கொழுப்பு ஆணுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராமுக்கு மேற்படக் கூடாது என்பது இந்நாட்டுச் சுகாதார சேவையின் அறிவுரை. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 12 கிராம். இரண்டு கரண்டி குடித்தால், சோறும் கறியும் சாப்பிடும் முன்னரே ஒரு பெண்ணின் அன்றைய வரம்பு தாண்டிவிடும். தேங்காயெண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்று காட்டி அதைப் பாவிக்க வேண்டாமென அமெரிக்க இதயச் சங்கம் 2017 இல் அறிவுறுத்தியது. நிரம்பிய கொழுப்பின் இடத்தில் நிரம்பாததைப் பாவித்தால் அந்தக் கொலஸ்ட்ரோல் குறையும்.

எமது பாட்டன்மார் தேங்காயோடுதானே வாழ்ந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்கள் தோட்டம் கொத்தினார்கள், சைக்கிள் மிதித்தார்கள். பட்டரும் சீஸும் பேஸ்ட்ரியும் அவர்களது தட்டில் இல்லை. எமது தட்டில் தேங்காய்க்கு மேல் இவை எல்லாமும் ஏறியிருக்கின்றன.

விதை எண்ணெய் நஞ்சு என்பவர்கள், அதைப் பிரிக்க ஹெக்சேன் பாவிக்கிறார்கள் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் சுத்திகரிப்பில் அது ஆவியாக நீக்கப்படுகிறது, எஞ்சக்கூடிய அளவுக்குச் சட்ட வரம்பும் உண்டு. இதயத்துக்கு உண்மையிலேயே கேடு செய்த டிரான்ஸ் கொழுப்பு, எண்ணெயைப் பாதியளவு ஐதரசனேற்றி மாஜரினும் பேக்கரிக் கொழுப்பும் செய்ததில் பெருமளவில் வந்தது. வீட்டுப் போத்தலுக்கு அந்தப் பழி சேராது.

பாவித்த எண்ணெய் எங்கே போகிறது?

2017 இல் வைட்சப்பலில் வீதிக்குக் கீழே 250 மீற்றர் நீளமும் 130 தொன் எடையுமான கொழுப்புக் கட்டி ஒன்று கழிவுநீர்க் குழாயை அடைத்தது. அதன் துண்டு ஒன்றை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. குழாய்க்குள் போகும் கொழுப்பமிலம் கல்சியத்தோடு சேர்ந்து கரையாத சவர்க்காரமாகிக் கல்லாவதால் இப்படிக் கட்டிகள் உருவாகின்றன. அதே பழைய எண்ணெயை மெதனோலோடு சேர்த்தால் டீசலுக்குப் பதிலான எரிபொருள் கிடைக்கும். அதை 20 வீதம் கலந்து லண்டன் பேருந்துகளில் மூன்றிலொரு பங்கை ஓட்டும் திட்டம் 2015 இல் அறிவிக்கப்பட்டது. எனவே வடை பொரித்த எண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றாமல், ஆறவிட்டுப் போத்தலில் அடைத்து, அதை ஏற்கும் மறுசுழற்சி நிலையத்தில் கொடுங்கள்.

நாம் சொல்வது இவ்வளவுதான். அன்றாடச் சமையலுக்கு ரேப்சீட்டோ சூரியகாந்தியோ போதும். மணத்துக்கும் தோசைக்கும் நல்லெண்ணெய். சுவைக்காக எப்போதாவது தேங்காயெண்ணெய், அளவோடு. எதை வாங்கினாலும் போத்தலின் பின்பக்க அட்டவணையில் ‘சச்சுரேட்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். எழுத்துச் சிறிதாக இருந்தால் பிள்ளைகளை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். நிரம்பியதையும் நிரம்பாததையும் இங்குள்ள பாடசாலைகளில் படிப்பிக்கிறார்கள். எள்ளும் இலுப்பையும் எப்படியிருக்கும் என்பதை அப்போது நீங்கள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.