வரலாற்றில் இன்று: செப்டம்பர் 22



காலையில வீட்டுல தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கிறோம். ராகுகாலம், எமகண்டம் பார்க்கிறோம். அப்புறம் தாளைக் கசக்கிப் போட்டுடுறோம். ஆனால் அந்த ஒரே தாளுக்குள்ளே எத்தனையோ வருஷத்துக் கதைகள் இருக்கு. இந்த முறை செப்டம்பர் 22-ஐ எடுத்துக்கிட்டேன். அதுக்குக் காரணம் ரெண்டு. முதல் காரணம், இது நம்ம மதுரைக்குச் சொந்தமான தேதி. இரண்டாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

1921: மதுரையில் மாறிய உடை

காந்தித் தாத்தான்னு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இடுப்புல முழங்காலுக்கு மேலே ஒரு துண்டு வேட்டி, கையில் கம்பு. ஆனால் அவர் பிறந்ததிலிருந்து அப்படி இல்லை. லண்டனில் படிக்கும்போது கோட்டு சூட்டு போட்டார். இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் நீள வேட்டி, மேல்சட்டை, தலையில் குல்லா எல்லாம் போட்டிருந்தார். அதையெல்லாம் விட்டது நம்ம ஊரில்தான். மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது, 1921 செப்டம்பர் 22 காலையில்!

ஏன் விட்டார்? அதைத்தான் நாம சரியா தெரிஞ்சுக்கணும்.

அது ஒத்துழையாமை இயக்கம் நடந்த வருஷம். அன்னியத் துணியை விடுங்க, கதர் கட்டுங்கன்னு காந்தி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜூலை 31-ஆம் தேதி பம்பாயில் அன்னியத் துணிகளை மலைபோலக் குவித்துத் தீ வைத்தார்கள். செப்டம்பரில் அவர் தெற்கே வரும்போது, கூட வந்த மௌலானா முகமது அலியை வால்டேர் ரயில் நிலையத்தில் போலீஸ் கைது செய்தது. அந்த வருத்தத்தோடுதான் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயில் ஏறினார்.

ரயில் பெட்டியில் நல்ல கூட்டம். முகமது அலி கைதானதைப் பற்றி அங்கே யாருக்கும் கவலை இருந்த மாதிரி தெரியவில்லை. அநேகமாக எல்லார் மேலும் அன்னியத் துணி. காந்தி அவர்களோடு பேச்சுக் கொடுத்து, கதர் கட்டச் சொன்னார். அவர்கள் தலையை ஆட்டி, நாங்க ஏழைங்க, கதர் விலை அதிகம், எங்களால வாங்க முடியாது என்ற மாதிரி பதில் சொன்னார்கள்.

நம்மளா இருந்தா, "சும்மா சாக்குச் சொல்றாங்க"ன்னு நினைச்சிருப்போம். காந்தி அப்படி நினைக்கவில்லை. அதில் உண்மையும் இருக்குன்னு ஒத்துக்கொண்டார். தன்னைப் பார்த்தார். மேலே சட்டை, தலையில் குல்லா, முழு வேட்டி. வெளியே வயலில் வேலை செய்யும் ஆட்களைப் பார்த்தால், இடுப்பில் கோவணம் மட்டும். இவர்களிடம் போய், இத்தனை துணி போட்டுக்கொண்டு, "கதர் வாங்குங்க"ன்னு எப்படிச் சொல்வது? கதர் வாங்க முடியாவிட்டால் கொஞ்சத் துணி போதும் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் முன்னால், தானே அப்படி இருந்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்.

இதில் மூன்று விஷயம் கவனிக்கணும்.

ஒன்று, இது திடீர்னு வந்த யோசனை இல்லை. கொஞ்ச காலமாகவே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தைரியம் மதுரையில்தான் வந்தது.

இரண்டு, முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் அறிவித்தார். ஆனால் 1948 ஜனவரி 30-இல் சுடப்பட்டு இறக்கும்வரை அதே உடைதான். குளிருக்கு மட்டும் ஒரு போர்வை.

மூன்று, எல்லோரும் இப்படி உடுத்தணும்னு அவர் கட்டளை போடவே இல்லை. கூட இருந்த தொண்டர்களைக்கூட வற்புறுத்தவில்லை. இது தனக்கு மட்டும் என்றார்.

பத்து வருஷம் கழித்து, 1931-இல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனபோது, பக்கிங்ஹாம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரையும் இதே உடையில்தான் சந்தித்தார். மேலமாசி வீதியில் கட்டிய துணி அரண்மனை வரைக்கும் போச்சு!

அந்த வீடு இருந்த இடத்தில் கீழே கதர்க்கடை இருக்கு. புது உடையில் அவர் மக்கள் முன்னால் வந்த இடம் காமராஜர் சாலையில் இருக்கு. அதன் பேரே காந்தி பொட்டல். அங்கே சிலையும் உண்டு. பஸ்ஸில் எத்தனை தடவை கடந்து போயிருப்போம்! தமுக்கம் பக்கத்தில், ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி மியூசியத்தை 1959 ஏப்ரல் 15-இல் நேரு திறந்து வைத்தார். சுடப்பட்டபோது அவர் மேல் இருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கு.

1914: எம்டன் குண்டு போட்ட இரவு

எங்க அப்பத்தா என் தம்பியைத் திட்டும்போது, "இவன் சரியான எம்டன்டா!" என்று சொல்லும். எமனோட சொந்தக்காரன் போலன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். எம்டன் என்பது ஆள் இல்லை, கப்பல்!

முதல் உலகப் போர் ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில், 'எம்டன்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சத்தமில்லாமல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. கரையில் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. சில பேர் இறந்தார்கள். கரையிலிருந்து திருப்பிச் சுடத் தொடங்கியபோது எம்டன் இருட்டுக்குள் போய்விட்டது.

சேதம் பெரிசு இல்லை. பயம்தான் பெரிசு. பிரிட்டிஷ்காரனை யாராலும் தொட முடியாது என்ற நினைப்பு அன்றைக்கு உடைந்தது. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அதே வருஷம் நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகள் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' எம்டனை அடித்து முடித்துவிட்டது. கப்பல் போயும் பேர் போகவில்லை. யாருக்கும் அடங்காத, தந்திரமான ஆளுக்கு "எம்டன்" என்ற சொல் தமிழில் நிலைத்துவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் குண்டு விழுந்ததற்கு நினைவுக் கல்வெட்டு இருக்கு.

1791: கொல்லர் வீட்டுப் பிள்ளை

இன்றைக்குப் பிறந்தவர்களில் ஒருத்தர் மைக்கேல் ஃபாரடே. லண்டன் பக்கம், ஏழைக் கொல்லர் குடும்பம். பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். பதினாலு வயதில் புத்தகம் பைண்டிங் பண்ணும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியல் கற்றார். 1812-இல் ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, தானே அழகாகப் பைண்டிங் செய்து அவருக்கே அனுப்பினார். அடுத்த வருஷம் டேவியின் உதவியாளர் ஆகிவிட்டார்.

1831-இல் கம்பிச்சுருளுக்குள்ளே காந்தத்தை விட்டு எடுத்தால் மின்சாரம் ஓடுகிறது என்று காட்டினார். காந்தம் அசையாமல் சும்மா இருந்தால் ஓடாது, அசைந்துகொண்டே இருக்கணும். சைக்கிள் டைனமோ இதே முறைதான். தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் பெரியாறு தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி, டர்பைனைச் சுற்றி, கரண்ட் தருவதும் இதே முறைதான். அந்தத் தண்ணீர்தான் பிறகு வைகை அணைக்கு வந்து நம்ம வயல்களுக்குப் பாய்கிறது. பெரிய ஆளான பிறகு 'சர்' பட்டம் வேண்டாம்னு சொல்லிவிட்டார் ஃபாரடே.

1931: அசோகமித்திரன்

எழுத்தாளர் அசோகமித்திரன் 1931 செப்டம்பர் 22-இல் செகந்திராபாத்தில் பிறந்தார். இயற்பெயர் தியாகராஜன். அப்பா இறந்த பிறகு 1952-இல் குடும்பத்தோடு சென்னைக்கு வந்து, ஜெமினி ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்தார். குடத்தோடு தெருவில் அலையும் சாதாரண ஜனங்களைப் பற்றி 'தண்ணீர்' என்ற நாவல் எழுதினார். 'அப்பாவின் சிநேகிதர்' நூலுக்காக 1996-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 2017 மார்ச் 23-இல் காலமானார். நம்ம தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கும்போது, அந்த வரிசையைக்கூட கதையாக்கலாம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

1539: சீக்கிய மதத்தைத் தொடங்கிய குருநானக் கர்தார்பூரில் மறைந்தார்.

1862: கிளர்ச்சி செய்யும் மாநிலங்களில் உள்ள அடிமைகள் 1863 ஜனவரி 1 முதல் விடுதலை என்று அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் முன்னறிவிப்புச் செய்தார்.

1980: ஈராக் படை ஈரானுக்குள் நுழைந்தது. எட்டு வருஷம் போர் நடந்தது.

செய்து பாருங்கள்!

செப்டம்பர் 22 அல்லது 23-இல் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். அன்றைக்குச் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கும். மைதானத்தில் 1 மீட்டர் கம்பை நேராக நட்டு, மணிக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கல் வையுங்கள். கற்கள் எல்லாம் நேர் கோட்டில் வரும். அந்தக் கோடு கிழக்கு மேற்காக இருக்கும். மதுரையில் பகல் 12.10 வாக்கில் நிழல் ரொம்பக் குட்டையாக, வடக்குப் பார்த்து, சுமார் 17 செ.மீ. இருக்கும். ஸ்கேலோடு போய் அளந்து பாருங்கள்.

இரண்டாவது காரணம்

எங்க வகுப்பில் ஒருத்தனுக்குப் பிறந்தநாள் செப்டம்பர் 22. பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ் போட்டு, சாக்லேட் கொடுப்பதுதான் பழக்கம். போன வருஷம் அவன் யூனிஃபார்மிலேயே வந்தான். ஒருத்தன் எல்லார் முன்னாலயும், "ஏன்டா, புது டிரஸ் எடுக்கலையா?"ன்னு கேட்டான். அவன், "இந்த வருஷம் எடுக்கலடா"ன்னு மட்டும் சொன்னான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை. மறுநாளும் வரவில்லை.

அப்படிக் கேட்டது வேற யாரும் இல்லை, நான்தான்.

இந்தப் பக்கத்துக்காகப் படிக்கும்போதுதான் எனக்கு அந்த ரயில் பெட்டி புரிந்தது. "எங்களால வாங்க முடியாது"ன்னு ஒருத்தர் சொன்னால், அதைக் கேட்டுட்டுத் தன் சட்டையைப் பார்த்தவர் அவர். நான் அவன் சட்டையைப் பார்த்தேன்.

போன வாரம் அவன்கிட்ட சொல்லிட்டேன். "விடுடா, நான் அன்னைக்கே மறந்துட்டேன்"னான். மறந்திருக்க மாட்டான். வகுப்பாசிரியர்கிட்ட நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் பேசினோம். இனிமே எங்க வகுப்பில் பிறந்தநாள் என்றால் எல்லாரும் யூனிஃபார்ம்தான். பிறந்தநாள்காரர் அன்றைக்குக் கரும்பலகையில், தான் பிறந்த தேதியில் உலகத்தில் நடந்த ஒரு விஷயத்தை எழுதிப் படிக்கணும். எல்லாரும் கை தட்டணும்.

முதல் ஆள் அவன்தான். எம்டனைப் பற்றி எழுதப் போறானாம்!

கேள்வி நேரம்

1. காந்தி முதலில் எந்தத் தேதி வரை இந்த உடை என்று அறிவித்தார்?
2. எம்டனை அடித்த கப்பலின் பெயர் என்ன?
3. கம்பிச்சுருளுக்குள் காந்தம் அசையாமல் இருந்தால் மின்சாரம் வருமா? ஏன்?

விடைகளைத் தாளில் எழுதி, பெயர், வகுப்போடு நூலகப் பெட்டியில் போடுங்கள். அப்படியே உங்கள் பிறந்த தேதியையும் எழுதுங்கள். அடுத்த இதழில் உங்கள் தேதி வரலாம்!