மோட்டார் ஓடுது, ஏரியல் ஏறலை!

1980, 90-களில் வந்த டொயோட்டா, ஹோண்டா கார்கள் பலவற்றில் ரேடியோவைப் போட்டால் ஏரியல் தானாக எழும்பும். அணைத்தால் உள்ளே இறங்கிவிடும். மாமாவின் பழைய காரில் அது ஏறவில்லை. "முழு செட்டையும் மாத்தணும் தம்பி" என்றார் மெக்கானிக். நான் ரேடியோவைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டேன். மோட்டார் 'உர்ர்' என்று ஓடியது. அப்போ கரண்ட் வருது, மோட்டாரும் நல்லாத்தான் இருக்கு! ஏரியலைத் தள்ளுவதும் இழுப்பதும் பல்லு வைத்த ஒரு நைலான் கயிறு, அறுந்தது அதுதான். (சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.)

கயிறோடு சேர்ந்த ஏரியல் கம்பி தனியாகவே கிடைக்கும். மேல் நட்டைக் கழற்றிப் பழைய கம்பியைக் கையால் உருவினேன். தம்பி ரேடியோவைப் போட்டதும் மிச்சக் கயிறும் வெளியே வந்தது. துண்டு உள்ளேயே சிக்கிக்கொண்டால் யூனிட்டைப் பிரித்தே ஆகணும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் புதுக் கயிறும் மாட்டிக்கொள்ளும். ரேடியோ ஓடும்போதே, புதுக் கயிற்றின் பல் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைப் பார்க்கும்படி தட்டும்வரை நுழைத்துப் பிடித்துக்கொண்டு, ரேடியோவை அணைக்கச் சொல்லணும். மோட்டார் லபக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு நட்டை முறுக்க வேண்டியதுதான். கம்பிக்கு கிரீஸ் மட்டும் வேண்டாம், தூசி அப்பிக்கொள்ளும். துணியால் துடைத்தாலே போதும்.