சுட்டவர் முகம்

மர்மப் படம் எடுக்கத் துடிக்கும் ஏர்பேட்டு நண்பர்களே, 1954-இல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். பாட்டே இல்லாத படம் அது. எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டு வீழ்கிறார். சுட்டது யார்? இயக்குநர் எஸ். பாலசந்தர் அந்த முகத்தை மட்டும் மறைத்துவிட்டார். அதைக் காணவே கடைசிவரை உட்கார்ந்திருக்கிறோம்.

நம் விடுதித் தாழ்வாரத்தில் எடுக்கும் காட்சிக்கும் இதே கணக்குத்தான். காலடி ஓசை முதலில் கேட்கட்டும். ஆள் பிறகு வரட்டும். கதவு திறந்ததும் வெட்டி, உள்ளே பார்ப்பவன் முகத்துக்குப் போங்கள். அவன் கண்டதை நாம் காண அவசரமில்லை. கத்தி பிடித்த நண்பர் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்தத் துண்டு போகத்தான் வேண்டும். இரண்டு நாள் பேசமாட்டார், பாதகமில்லை! ஓயாமல் வெட்டினால் பரபரப்பு வரும் என்று நம்பிவிடாதீர்கள். ஆளற்ற தாழ்வாரத்தை ஐந்து விநாடி அசையாமல் காட்டுங்கள். பிறகு தலைப்பைப் போடுங்கள்.