தட்டிப் பார்த்து வாங்கும் சந்தை

காய்ச்சலுக்காக மருத்துவமனைக்குச் சென்றால், செவிலியர் நம் விரல் நுனியில் சிறு கருவியொன்றைப் பொருத்துவார். அதன் பெயர் ஆக்சிமீட்டர். செந்நிற ஒளியையும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, குருதியிலுள்ள உயிர்வளியின் அளவை அது காட்டுகிறது.

இத்தகைய மருத்துவக் கருவிகளைச் செய்வோர் அனைவரும் பெருநிறுவனத்தார் அல்லர். சிறு தொழிற்கூடத்தாரும் உளர். பலரும் அறியாத அவர்கள் மருத்துவமனைகளை எவ்வாறு அடைகின்றனர்? அதற்குரிய வழிகளுள் ஒன்று வணிகக் கண்காட்சி.

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள டூசல்டார்ஃப் நகரில், ஆண்டுதோறும் நவம்பர் திங்களில் 'மெடிக்கா' என்னும் கண்காட்சி நான்கு நாள் நடைபெறுகிறது. 5,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே கூடுகின்றன. நம் நாட்டில் 'மெடிக்கல் ஃபேர் இந்தியா' என்னும் கண்காட்சி தில்லியிலும் மும்பையிலும் மாறி மாறி நடைபெறுகிறது.

சிறு நிறுவனத்தார்க்குப் பெரும்பாலும் 9 சதுர மீட்டர் அரங்கே கிடைக்கும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தாம் செய்த கருவி, அவ்வளவே. வாடகையும் பயணமும் அவர்களது சேமிப்பைக் கரைத்துவிடும். ஆயினும் அவர்கள் வருகின்றனர். ஏன்?

சந்தையில் மண்பானை வாங்குவோர் தட்டிப் பார்த்தே வாங்குவர். மருத்துவரும் அவ்வாறே கருவியைக் கையிலெடுத்து வினவுவார்: "விரல் குளிர்ந்திருந்தால் சரியாகக் காட்டுமா? நகப்பூச்சு இருந்தால்? பழுதானால் எங்கள் ஊருக்கு வந்து சரிசெய்பவர் யார்?" கருநிறத் தோலினரிடம் சில ஆக்சிமீட்டர்கள் உண்மை அளவினும் கூடுதலாகக் காட்டுவதுண்டு. அதனால் நோயாளியின் ஆபத்து மறைந்துபோகும். எனவே, "எத்தகைய மக்களிடம் சோதித்தீர்கள்?" என்ற வினாவும் எழும்.

உரிமச் சான்றும் காட்டவேண்டும். இந்தியாவின் மருத்துவக் கருவி விதிகள், 2017, கருவிகளை ஆபத்தின் அளவுக்கேற்ப நான்கு வகையாகப் பிரிக்கின்றன. நாக்கை அழுத்திப் பார்க்கும் பட்டை முதல் வகை; இதயத்தில் பொருத்தும் செயற்கை வால்வு நான்காம் வகை.

தெரிந்ததைத் தெரியும் என்றும், சோதிக்காததைச் சோதிக்கவில்லை என்றும் கூறுபவரையே மருத்துவர் நம்புவார். சுட்டிக்காட்டப்பட்ட குறையைக் குறித்துக்கொண்டு சென்று திருத்துபவர், அடுத்த முறை சிறந்த கருவியுடன் வருவார். பானையில் ஓட்டையிருந்தால் நீர் ஒழுகும். மருத்துவக் கருவியில் குறையிருந்தால் உயிரே போகும். ஆதலால், இச்சந்தையில் முதன்மையான சரக்கு நம்பிக்கையே.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
திங்கள் – மாதம்
வினவுதல் – கேட்டல்

பயிற்சி
1. ஆக்சிமீட்டர் எவ்வாறு செயற்படுகிறது?
2. சிறு நிறுவனத்தார் பொருட்செலவு செய்து கண்காட்சிக்கு வருவது ஏன்?
3. உங்கள் வீட்டிலுள்ள வெப்பமானியை வாங்கும் முன் கேட்டிருக்கவேண்டிய மூன்று வினாக்களை எழுதுக.