சுவரில் மாட்டினால் போதுமா?



டி.பார்ம் படித்து முடித்ததும் கல்யாணம், குழந்தைகள் என்று வீட்டோடு இருந்துவிட்டேன். ஆனாலும் பார்மசிஸ்ட் பதிவை மட்டும் விடாமல் புதுப்பித்து வருகிறேன். 2015-ல் வந்த விதிப்படி, இதற்கு ஐந்து வருடத்துக்குள் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள்.

"வேலைக்கே போகாதவளுக்கு வகுப்பு எதுக்கு?" என்பார் மாமியார். மருந்துக்கடை வைத்திருக்கும் கணவரின் உறவினரோ, "சர்டிபிகேட்டை எங்க கடைச் சுவத்துல மாட்டிக்கிறேன்மா. நீ வரவே வேணாம். மாசாமாசம் பணம் வீடு தேடி வரும்" என்றார். சும்மா வருகிற பணம்தானே என்று கணவருக்கும் ஆசை. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் படித்துவிட்டு வந்த புதிதில், குழந்தைகளின் காய்ச்சலுக்கு நிமெசுலைடு சிரப் சர்வசாதாரணம். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்க 2011-ல் தடை வந்துவிட்டது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. எச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாட்டிக்குகளை விற்றால், டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இது 2014 மார்ச்சிலிருந்து. என் பழைய பாடப் புத்தகத்தில் இதெல்லாம் ஏது?

சர்டிபிகேட் கடைச் சுவரில், படித்தவள் அடுப்படியில் என்றால், காய்ச்சல் குழந்தையோடு வருகிற தாய்க்கு மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? ஒன்றும் தெரியாத பையன்தானே! டாக்டர் சீட்டுக்கான மருந்தை, பதிவு பெற்ற பார்மசிஸ்ட் நேரடியாக மேற்பார்வை செய்துதான் கொடுக்க வேண்டும் என்பதே சட்டம்.

இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வேறொரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அந்த 'சும்மா பணத்தை' விடச் சம்பளம் கொஞ்சம்தான் அதிகம். ஆனால், என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன் என்ற நிம்மதி இருக்கிறது.

டி.பார்ம், பி.பார்ம் சர்டிபிகேட்டை பீரோவில் வைத்திருக்கும் தோழிகளே, தேதி தவறாமல் புதுப்பியுங்கள். வகுப்பில் தரும் சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். யார் கேட்டாலும் வாடகைக்கு விடாதீர்கள். மற்றவர்கள் அடுத்த முறை மருந்து வாங்கும்போது, "பார்மசிஸ்ட் இருக்காங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.